ரோஸி முகத்தைத் திருப்பிக்கொண்ட நாள்

ஆஸ்பத்திரிப் பிள்ளைகளைப் பார்க்கப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும், உங்கள் மூன்று நாய்களுக்கும் வணக்கம். நாய்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துப் பார்த்தேன், மூன்றும் பதவிசாகத்தான் இருக்கின்றன. எனக்குக் கவலையெல்லாம் கயிற்றைப் பிடித்திருக்கும் உங்களைப் பற்றித்தான்.

குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார். சிஸ்டர் என்றால் எங்கள் எல்லோருக்கும் அவர்தான். நாயை எப்படிக் குளிப்பாட்டுவது, நகம் எப்போது வெட்டுவது, எந்தத் தடுப்பூசி எப்போது என்பதையெல்லாம் அவரே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார். அதில் என் உபதேசம் வேண்டியதில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். நடந்து நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அந்த வார்டுக்குப் போகும் மாடிப்படியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் ஏறுகிறேன்.

கால்நடைத் துறையில் ஆய்வாளராக முப்பது வருஷம் ஓட்டியவன் நான். காரைக்குடியைச் சுற்றி நான் உதை வாங்காத தொழுவம் கிடையாது. ஓய்வு பெற்ற புதிதில் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு நாய்க்குத் தோல் வியாதி என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர்கள் கல்யாணம் காட்சிக்கு மட்டும் வந்து போகிறவர்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் எலும்பும் தோலுமாகக் கிடந்தது ஒரு லேப்ரடார் பெட்டை. மருந்து போட்டு முடித்ததும் வாட்ச்மேன் கயிற்றை என் கையில் கொடுத்து, "நீங்களே வச்சுக்கங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். அதுதான் ரோஸி. ஆறு மாதத்தில் தேறி, பளபளவென்று ஆகிவிட்டது. சத்தம் போடாது, தாவாது, யார் காதைப் பிடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளும். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த குழந்தை டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "சென்னையில் குழந்தைகள் வார்டுக்கு இப்படி நாய்களைக் கூட்டிவருவார்கள், பிள்ளைகளுக்குப் பயம் குறையும். நீங்கள் வாரம் ஒரு நாள் இதைக் கூட்டிவர முடியுமா?" என்று கேட்டார். பிள்ளைகளின் பயம் குறைந்தது உண்மை. அந்தப் பயமெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

முதல் நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் வியர்க்கிறது. டாக்டரம்மாவின் அனுமதி இருக்கிறது, சிஸ்டர் கூடவே வருகிறார், ரோஸி குளித்துத் துவட்டிக் கல்யாணப் பெண் மாதிரி வருகிறது. வார்டுக் கதவைத் திறந்ததும் ஓரக் கட்டிலிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்துவிட்டார். "ஆஸ்பத்திரிக்குள்ள நாயக் கூட்டியாறீகளே, புத்தி இருக்கா உங்களுக்கு? நாய் முடி பிள்ள வாயில போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். சிஸ்டர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார், யார் காதிலும் ஏறவில்லை. ஒருவர் விளக்குமாற்றைத் தேடினார். ரோஸி என் காலோடு ஒட்டிக்கொண்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"ஆத்தா, இது வைரவர் வாகனம். பிள்ளைகளப் பாக்க வந்திருக்கு. வெரட்டாதீக."

அவ்வளவுதான், வார்டே அடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் வைரவர் என்றால் எவ்வளவு பயபக்தி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சத்தம் போட்ட பெரியம்மாவே முதலில் கையைக் கூப்பினார். "அப்ப மொதல்ல என் பேரங்கிட்டக் கூட்டியாங்க" என்றார். சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பார்க்காத மாதிரி நடந்துவிட்டேன்.

அந்தப் பொய்யை நான் ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அது எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? வாராவாரம் புது ஆட்கள் வருவார்கள், வாராவாரம் அதே கூச்சல் எழும், நானும் அதே ஒரு வார்த்தையைச் சொல்லுவேன், வழி விட்டுவிடுவார்கள். கொஞ்ச நாளில் நான் சொல்லவே தேவையில்லாமல் போனது. படுக்கைக்குப் படுக்கை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். ரோஸிக்குச் செவ்வரளி மாலை வந்தது. ஒருவர் நெற்றியில் திருநீறு பூசிவிட, ரோஸி ஒன்பது தும்மல் போட்டது. "இன்னைக்கு மொதல்ல எந்தப் பிள்ளகிட்டப் போச்சு?" என்று அம்மாமார்கள் விசாரித்தார்கள். புதன்கிழமை வழக்கமாகப் போய்க்கொண்டிருந்தவனிடம், "வைரவருக்கு உகந்த தேய்பிறை அஷ்டமியில கூட்டியாந்தா விசேஷம்ல" என்று கேட்டார்கள். நானும் நாள்காட்டியைப் பார்க்க ஆரம்பித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. முப்பது வருஷம் சாணியில் நின்றவனைப் பார்த்து ஒருத்தரும் கும்பிட்டதில்லை. இப்போது நான் வராந்தாவில் வந்தால் ஜனங்கள் எழுந்து நின்றார்கள்.

சிஸ்டர் என்னைவிட இருபது வயது சின்னவர். அவர் வைத்த விதி ஒன்றுதான்: ஒரு நாளைக்கு நாலு கட்டில், அதற்கு மேல் நாய் தாங்காது. "சார், நாலு தாண்டாதீக" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். நாலு ஐந்தானது, ஐந்து ஏழானது. விடுபட்ட பிள்ளையின் அம்மா முகம் வாடினால் என்னால் பார்க்க முடியவில்லை. வைரவர் வந்துவிட்டுத் தன் பிள்ளையை மட்டும் பார்க்காமல் போனார் என்று யாராவது நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். அந்த நினைப்பை ஊட்டியவனே நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்த நாளும் ஒரு தேய்பிறை அஷ்டமிதான். பின்மதியம் மூன்று மணி, நல்ல வெயில் காலம். வார்டில் ஒன்பது கட்டில், ஒன்பதிலும் பிள்ளைகள். மேஜையில் மாலைகள் தயாராக இருந்தன.

நான்காவது கட்டிலில் ரோஸி உதட்டை நக்கியது. ஐந்தாவதில் கொட்டாவி விட்டது. நாய் தூக்கம் வந்து மட்டும் கொட்டாவி விடுவதில்லை, தன்னால் முடியவில்லை என்று சொல்லவும் விடும். இது நாய் வளர்க்கிற யாருக்கும் தெரிய வேண்டியது, எனக்கு நன்றாகவே தெரியும். ஆறாவதில் காதுகள் பின்னால் போய்விட்டன. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "இன்னும் மூணுதாண்டா, முடிச்சிட்டுப் போயிருவோம்" என்று அதன் காதில் சொன்னேன். சிஸ்டர் அந்த நேரம் கீழே மருந்து வாங்கப் போயிருந்தார்.

ஒன்பதாவது கட்டில் ஜன்னலோரம். ஒன்பது வயதுப் பெண் பிள்ளை. தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பேர் வேண்டாம். கல்லல் பக்கம் ஒரு கிராமம். அப்பா சொந்த நிலத்தோடு ஊருக்கெல்லாம் டிராக்டர் உழவு ஓட்டுகிறவர். பிள்ளைக்கு அடிவயிற்றில் நீர்க்கட்டி. வலி வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அறுவை. கட்டி உள்ளே முறுக்கிக்கொண்டால் சில மணி நேரம்கூடக் காத்திருக்க முடியாது என்று டாக்டரம்மா விளக்கிச் சொல்லியிருந்தார். சம்மதத் தாளை அப்பாவின் கையில் காலையிலேயே கொடுத்துவிட்டார்கள். அவர் கையெழுத்துப் போடவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வைரவர் வாகனம் வந்து பிள்ளையப் பாத்துட்டுப் போகட்டும், அப்பறம் போடுறேன்" என்று சொல்லியிருக்கிறார். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் கட்டிலாக அங்கேதான் போயிருப்பேன். அதுவும் தப்புதான் என்பது வேறு விஷயம்.

குளித்து, நெற்றி நிறையத் திருநீறோடு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றுகொண்டிருந்தார் அந்த மனிதர். நான் ரோஸியைக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலுக்கு இரண்டு அடி இருக்கும்போது ரோஸி நின்றது. மோப்பம் பிடித்தது. முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டது.

"வாடா, வா" என்றேன். வரவில்லை. கயிற்றை லேசாக இழுத்தேன். வாலை இடுக்கிக்கொண்டு, பிள்ளைக்கு முதுகைக் காட்டி, பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது.

 தர்ஷினியின் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த கட்டில் அம்மா தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்பா பேயறைந்த மாதிரி ரோஸியையே பார்த்தார். அப்புறம் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மேஜை மேல் வைத்துவிட்டு, மனைவியிடம் சொன்னார்:

"துணிமணிய எடுத்து வையி. கெளம்புவோம்."



டாக்டரம்மாவை யாரோ ஓடிப்போய்க் கூட்டிவந்தார்கள். அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். கட்டி முறுக்கினால் என்ன ஆகும் என்று படம் வரைந்தே காட்டினார். அந்த அப்பா கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தைரியம் வந்திருக்கும். அவர் கை கட்டி நின்று மரியாதையாகப் பேசினார். "நீங்க படிச்சவுக, நான் ஒண்ணும் சொல்லல டாக்டரம்மா. ஆனா வைரவரே மூஞ்சியத் திருப்பிட்டாரு. இதுக்கு மேல கத்தி வச்சா பிள்ள தங்காது. வைரவன்பட்டிக் கோயிலுக்குப் போயி விளக்குப் போட்டு, உத்தரவு கேட்டுக்கிட்டு வாரேன். நாலு நா கழிச்சு வாரேன்."

"நாலு நாள் அந்தக் கட்டி காத்திருக்குமான்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார் டாக்டரம்மா.  நாயை ஏன் வார்டுக்குள் விட்டோம் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது.

நான் ரோஸியை வராந்தாவுக்கு இழுத்து வந்தேன். என் மூளை திருட்டு வழியாகத்தான் ஓடியது. பிள்ளை வயிற்றில் தைலம் தேய்த்திருந்தார்கள், கிட்டப் போனபோதே மூக்கைத் துளைத்தது. நாய்களுக்கு அந்த வாடை ஆகாது. என் சட்டைப் பையில் வேகவைத்த ஈரல் துண்டுகள் இருந்தன. தைலத்தைத் துடைக்கச் சொல்லிவிட்டு, ரோஸிக்கு அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து, உள்ளங்கையில் ஈரலை மறைத்துப் பிள்ளையின் கைக்குப் பக்கத்தில் நீட்டினால் ரோஸி போகும், நக்கும், வாலை ஆட்டும். வைரவர் உத்தரவு கொடுத்துவிட்டார் என்று ஒருத்தர் விடாமல் நம்புவார்கள். கையெழுத்து விழும், காலையில் அறுவை நடக்கும். பிள்ளை பிழைத்தால் சரிதானே? ஓடிப்போய்ப் பிள்ளையின் அம்மாவிடம், "வெந்நீர் வச்சு வயித்தத் தொடச்சு விடுங்க, இன்னொரு தடவ கூட்டியாறேன்" என்றேன். அந்தம்மா முகத்தில் உயிர் வந்ததைப் பார்க்க வேண்டுமே. துண்டைத் தேடி ஓடினார்.

வராந்தாவுக்குத் திரும்பினால் சிஸ்டர் ரோஸிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கீழேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என் கையில் இருந்த ஈரலைப் பார்த்தார்.

"என்ன சார் பண்ணப் போறீக?"

சொன்னேன்.

"சரி, இப்ப போயி நக்கிருச்சு. கையெழுத்தும் போட்டாச்சு. நாளைக்குக் காலையில ஆபரேசனுக்குத் தூக்கிட்டுப் போறப்ப தெருவுல எதாவது ஒரு நாயி ஊளை விட்டா என்ன சொல்லுவீக?"

ஈரல் இருந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"வாரா வாரம் இந்த வார்டுல ஏதாவது ஒரு பிள்ளைக்கு ஊசி, ஏதாவது ஒரு பிள்ளைக்கு ஆபரேசன். ஒவ்வொண்ணுக்கும் இத இழுத்துக்கிட்டு வந்து ஈரலக் காட்டுவீகளா? ஒரு நா அது வேணாம்னுருச்சுன்னா?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "இதுக்கு நாலு கட்டில்னு சொன்னேன்ல சார். இன்னைக்கு எத்தன?"

"ஒம்போது" என்றேன்.

அவர் ரோஸியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. நான் ஈரலைக் குப்பைக் கூடையில் போட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வார்டுக்குள் நுழைவது கஷ்டம். நம் ஜனங்களுக்கு நாய் என்றால் தெரு, கடி, ஊசி. எதையாவது சொல்லி உள்ளே போய்விட்டால் போதும் என்று உங்களுக்கும் ஒரு நாள் தோன்றும். நீங்கள் எதைச் சொல்லி உள்ளே போகிறீர்களோ, அது உங்களோடேயே உள்ளே வரும், பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்ளும். நாய் கிட்டப் போனால் அது வரம் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். விலகினால் அது என்ன என்று அவர்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். அந்த அப்பாவை மூடநம்பிக்கைக்காரர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் சாமியை நம்பினார், அது அவர் பாடு. நாயை நம்பியது என்னால்தான்.

ரோஸியை சிஸ்டரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். துண்டை நனைத்துக்கொண்டிருந்த அந்தம்மாவிடம் வேண்டாம் என்றேன். பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்த அந்த அப்பாவின் முன்னால் போய் நின்றேன்.

"தம்பி, நான் ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அது வைரவர் வாகனமெல்லாம் இல்லப்பா. அது ஒரு வீட்டு நாயி. பேரு ரோஸி. மொத நா உள்ள விடமாட்டேன்னாக, சாமி பேரச் சொல்லி நுழைஞ்சேன். பொய் சொன்னேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எத்தன பேருகிட்டச் சொன்னீக?"

"எல்லார்கிட்டயும்."

வார்டு முழுக்கக் கேட்டது. பின்னால் ஒரு அம்மா, "அடப்பாவி" என்றார். மாலை வாங்கி வந்தவர்களெல்லாம் அங்கேதான் இருந்தார்கள்.

"இன்னைக்கு அது ஒதுங்குனது களைப்புனால. நாலு கட்டிலோட நிறுத்தியிருக்கணும், ஒம்போது கட்டிலுக்கு இழுத்தேன். தைல வாடை வேற. தப்பு என்னுது. பிள்ளைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அந்த அப்பா கையிலிருந்த துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இத்தன நாளு பொய் சொன்னேங்கிறீக. இப்ப சொல்றது மட்டும் நெசம்னு நான் எப்புடி நம்புறது? டாக்டரம்மா சொல்லச் சொல்லிருப்பாக. என் பிள்ள உசுரு இதுல இருக்குங்க."

  உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போயிருந்தேன். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினார். கடைசி பஸ்ஸைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"தாத்தா."

அப்போதுதான் நான் பிள்ளையைப் பார்த்தேன். சத்தியமாக, அது வரைக்கும் பார்க்கவே இல்லை. அவள் அப்பாவிடம் பேசினேன், அம்மாவிடம் பேசினேன், டாக்டரம்மா பேசினார், எல்லோரும் அவள் தலைக்கு மேலேதான் பேசினோம். போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு, கண்ணை அகல விழித்துக்கொண்டு படுத்திருந்தாள். நாய் தன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது, கத்தி வைத்தால் பிள்ளை தங்காது என்பதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு இவ்வளவு நேரமும் கிடந்திருக்கிறாள். என்னை அப்படியே சுட்டது. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ரோஸிக்கு நெசமாவே களைப்பா?"

"நெசமாத்தான் தாயி."

"நான் பாத்தேன்" என்றாள். "அஞ்சாவது கட்டில்லயே கொட்டாவி விட்டுச்சு. அப்பறம் பக்கத்துக் கட்டில் தம்பிகிட்ட வர்றப்ப ரெண்டு தடவ. நாக்கால மூக்க நக்கிக்கிட்டே வந்துச்சு. எங்கிட்ட வர்றதுக்குள்ள ஏழு கொட்டாவி."

தன் முறைக்காகக் காத்துக்கொண்டு, கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் ரோஸியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நானும் பார்த்தேன். ஆனால் அவள் எண்ணியிருக்கிறாள்.

"அப்பறம் ஏன் தாத்தா கூட்டிக்கிட்டே வந்தீக?"

முப்பது வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ மேலதிகாரிகள் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு, "தப்புத்தான் தாயி, புத்தி இல்லாமப் போச்சு" என்று மட்டும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவில்லை.

அப்பா பையைக் கீழே வைத்தார். "நீ பாத்தியாம்மா? கொட்டாவி விட்டத நீயே பாத்தியா?"

"ஆமாப்பா. அதுக்கு முடியல. எனக்கு வயிறு வலிக்கிறப்ப நானும் அங்குட்டுத்தானப்பா திரும்பிப் படுக்குறேன். அம்மா கூப்புட்டாக்கூடப் பேச மாட்டேன்ல. அதுக்காக எனக்கு அம்மாவப் பிடிக்கலன்னு அர்த்தமா?"

அவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.   அதற்குள் அவளுக்கு ஒரு வலி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சொன்ன மாதிரியே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அம்மா குனிந்து முதுகைத் தடவினார். அப்பா மேஜையிலிருந்த தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, கால்மாட்டில் நின்றிருந்த டாக்டரம்மாவிடம் பேனா கேட்டார். போட்ட கையெழுத்து கோடு தாண்டிப் போனது.

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "நீங்க வெளிய போங்கய்யா. உங்களப் பாக்க முடியல." போனேன்.

மறுநாள் காலையில் என்னை யாரும் வரச் சொல்லவில்லை. வீட்டில் உட்கார முடியாமல் ரோஸியைக் கட்டிவிட்டுத் தனியாகப் போனேன். அறுவை அறைக்கு வெளியே பெஞ்சின் ஒரு கோடியில் பிள்ளையின் அப்பா, நான் மாடிப்படியில்.  வெளியே ஒரு நாய் குரைத்தாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அவர் கண் என்னிடம் வருகிறதா என்று ஓரமாகப் பார்த்துக்கொண்டேன். ஏதாவது ஆகிவிட்டால் அந்த மனிதர் ஆயுசு முழுக்க வைரவர் பேச்சைக் கேட்காமல் போனதாகத் தன்னையே தின்றுகொண்டிருப்பார். அதையும் செய்தவன் நானாகத்தான் இருப்பேன். டாக்டரம்மா வெளியே வந்து, "நல்லாருக்கா. கட்டி பாதி முறுக்கியிருந்துச்சு, நல்ல வேளை" என்றார். அந்த அப்பா பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தார். 

அடுத்த நாளிலிருந்து ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு கட்டிலாகப் போய், நான் சொன்னது பொய் என்று சொன்னேன். ரோஸி இல்லாமல், நான் மட்டும். சிலர் திட்டினார்கள். இரண்டு பேர் இனிமேல் நாய் எங்கள் பிள்ளை பக்கம் வரக் கூடாது என்றார்கள், சரி என்றேன். ஒரு அம்மா மட்டும், "நீங்க தெரியாமச் சொன்னாலும் சாமி சாமிதான்" என்று என்னையே சமாதானப்படுத்தினார். அவரிடம் நான் தோற்றுப்போனேன். அன்றிலிருந்து கதவில் நின்று சொல்ல ஒரே வாக்கியம்தான் எனக்கு: "இது நாய், பேரு ரோஸி, பிடிச்சாத் தடவலாம், பிடிக்கலன்னாப் போயிருவோம்." கூச்சல் எழத்தான் செய்தது. பல நாள் ஒரு கட்டிலைக்கூடப் பார்க்காமல் திரும்பியிருக்கிறோம். நீங்களும் திரும்புவீர்கள். திரும்பினால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

தர்ஷினி வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் சிஸ்டர் போன் செய்தார். "ரோஸியப் பாக்கணும்ங்கிறா. அவுக அப்பாகிட்டக் கேட்டேன். ஒண்ணும் சொல்லல. வேணாம்னும் சொல்லல."

அன்றைக்கு ரோஸிக்கு அது ஒன்றே கட்டில். நன்றாகத் தூங்கி எழுந்திருந்தது, வேறு வாடை எதுவும் இல்லை.  பையில் ஈரல் எடுத்துப் போகவில்லை. உள்ளே போனால், அப்பா கட்டிலின் அந்தப் பக்கம் நின்றார். என்னைப் பார்க்காமல் ரோஸியைப் பார்த்தார். மற்ற கட்டில்களும் ரோஸியைத்தான் பார்த்தன.

ரோஸி கட்டில் வரைக்கும் போனது. நின்றது. இரண்டு சுற்றுச் சுற்றியது. ஜன்னல் வெயில் விழுந்திருந்த இடத்தில், பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துக் கண்ணை மூடிவிட்டது.

 அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.  தர்ஷினி கட்டில் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அது தூங்கட்டும்ப்பா, எழுப்பாதீக" என்றாள். பிறகு அம்மா ஊட்டிய இட்லியில் சீனி போதவில்லை என்று சண்டை போட ஆரம்பித்தாள். அரை மணி நேரம் அங்கே இருந்தோம். ரோஸி ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.